குரோவ் தெருக் கல்லூரி: யாருடைய காசு, யாருடைய படிப்பு?

1

கருஞ்சிறுத்தைகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கறுப்புத் தொப்பி, தோல் சட்டை, கையில் துப்பாக்கி என்று அவர்களுடைய படங்கள் நமக்கு நன்றாகத் தெரியும். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி.பவார், ராஜா தாலே முதலானோர் தலித் சிறுத்தைகள் அமைப்பைத் தொடங்கியபோது பெயரை அங்கிருந்துதான் எடுத்தார்கள். 1982இல் மதுரையில் மலைச்சாமி அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு நம் சேரிச் சுவர்களில் தாவும் சிறுத்தை அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் ஒரு சின்னக் கேள்வியை நாம் கேட்டதில்லை. ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் எங்கே சந்தித்தார்கள்? சிறையிலா, தேவாலயத்திலா, தொழிற்சங்க அலுவலகத்திலா? எதுவுமில்லை. கலிபோர்னியா மாநிலம் ஓக்லண்டு நகரில் குரோவ் தெருவிலிருந்த மெரிட் கல்லூரியில் சந்தித்தார்கள். அது அரசாங்கக் கல்லூரி. பள்ளியை முடித்த எவரும், முடிக்காவிட்டாலும் பதினெட்டு வயதான எவரும், படிப்புக் கட்டணம் கட்டாமல் போய் உட்காரக்கூடிய கல்லூரி. ஆளெடுக்கும் முதலாளிகளுக்குக் கைத்திறன் உள்ள ஆட்களைத் தயார் செய்து கொடுக்கவும், பல்கலைக்கழகத்துக்குள் கூட்டம் புகாமல் வாசலிலேயே பிரித்து நிறுத்தவும் அரசு வைத்திருந்த கல்லூரியும்கூட.

முதலாளிக்கு ஆள் பிடிக்க வைத்த இடத்திலிருந்து எப்படிச் சிறுத்தை கிளம்பியது? கிளம்பிய பிறகு அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்த காசு என்னாயிற்று? இந்த இரண்டு கேள்விகளும் அமெரிக்கக் கறுப்பர்களின் விவகாரம் மட்டுமல்ல. 'சமுதாயக் கல்லூரி' என்ற சொல்லே நமக்கு அங்கிருந்துதான் இறக்குமதியானது. 'திறன் மேம்பாடு' என்று இன்று தெருவுக்குத் தெரு பலகை மாட்டுகிறார்களே, அதற்குப் பின்னாலிருக்கும் தர்க்கமும் அங்கே நூறு வருடத்துக்கு மேலாகப் புழங்கி வருவதுதான்.

2

1907இல் கலிபோர்னியா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. உயர்நிலைப் பள்ளிகள் விரும்பினால், பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் பாடத்தைத் தங்கள் கட்டடத்திலேயே நடத்திக்கொள்ளலாம் என்றது அது. 1910இல் பிரெஸ்னோ நகரம் அப்படி ஒன்றைத் தொடங்கியது. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த விவசாய ஊர் அது. ஊர்ப்பிள்ளைகள் பெர்க்லிவரை போகாமல் வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்பது ஒரு எண்ணம். தோட்டத்துக்கும் பட்டறைக்கும் கணக்கெழுதும் மேசைக்கும் பயிற்சி பெற்ற ஆட்கள் உள்ளூரிலேயே கிடைக்கட்டும் என்பது இன்னொரு எண்ணம். 1917இல் இந்த 'ஜூனியர் கல்லூரி'களுக்கு மாநில அரசும் வட்டார அரசும் நிதி தரலாம் என்று சட்டம் வந்தது. அதே 1917இல் தொழிற்கல்விக்கென்றே ஒன்றிய அரசு பணம் ஒதுக்கும் ஸ்மித்-ஹியூஸ் சட்டமும் வந்தது. 1921இல் இக்கல்லூரிகளுக்குத் தனி மாவட்டங்களே அமைக்க வழி பிறந்தது.

ஆக, பிறந்த நாளிலிருந்தே இந்தக் கல்லூரிக்கு இரண்டு வாசல். ஒன்று மேலே பல்கலைக்கழகத்துக்குப் போகிற வாசல். மற்றது பக்கத்திலிருக்கும் பட்டறைக்குப் போகிற வாசல். யாரை எந்த வாசலுக்கு அனுப்புவது என்பதுதான் அதன் மொத்த அரசியலும்.

கறுப்பர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. 1895இல் அட்லாண்டாவில் புக்கர் வாஷிங்டன், முதலில் கைத்தொழில் கற்போம், உரிமை பிறகு வரட்டும் என்ற பொருளில் பேசினார். டூபாய்ஸ் அதை மறுத்து 1903இல் எழுதினார். வயிற்றுக்கு வேலை வேண்டும்தான், ஆனால் தலைமை தாங்கக்கூடிய உயர்கல்வியை விட்டுக்கொடுத்துவிட்டு வாங்கும் வேலை அடிமைத்தனத்தைத்தான் நீட்டிக்கும் என்பது அவர் வாதம். இந்த டூபாய்ஸுக்குத்தான் 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இந்தக் கல்லூரிகளை எந்தக் காசில் நடத்தினார்கள் என்பது முக்கியம். பெரும்பகுதி சொத்துவரி. வீடு, கடை, தொழிற்சாலை, நிலம் வைத்திருப்பவர்கள் வட்டார அளவில் கட்டும் வரியிலிருந்து கல்லூரி நடந்தது. இதிலும் ஓரவஞ்சனை உண்டு. பணக்கார வட்டாரத்துக்குப் பணக்காரக் கல்லூரி, ஏழை வட்டாரத்துக்கு ஏழைக் கல்லூரி. என்றாலும் மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்ற வழக்கம் நின்றது.

3

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஓக்லண்டும் பக்கத்து ரிச்மண்டும் கப்பல் கட்டும் ஊர்களாயின. லூசியானாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் கறுப்பர்கள் சாரை சாரையாய் வந்தார்கள். பருத்திக்காட்டையும் வெள்ளை எசமானையும் விட்டு ஓடிவந்த சனம். நம்ம ஆட்கள் தஞ்சாவூர்ப் பண்ணையை விட்டுக் கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போனது போலத்தான். போர் முடிந்தது, கப்பல் தளங்கள் மூடப்பட்டன, வேலை போனது, சனம் மட்டும் அங்கேயே நின்றது. நியூட்டன் குடும்பம் லூசியானாவிலிருந்தும், சீல் குடும்பம் டெக்சாஸிலிருந்தும் இப்படி வந்து சேர்ந்தவைதான்.

1944இல் போர்வீரர்களுக்குக் கல்வி உதவி வழங்கும் சட்டம் வந்தது. 1947இல் அதிபர் ட்ரூமன் அமைத்த குழு, உயர்கல்வி வெகுமக்களுக்கானது என்றும், ஊருக்கு ஊர் கட்டணமில்லாத 'சமுதாயக் கல்லூரி'கள் வேண்டும் என்றும் எழுதியது. அந்தப் பெயர் பரவியது அந்த அறிக்கையால்தான். ஓக்லண்டில் 1953இல் ஏற்கெனவே இருந்த இரண்டு பயிற்சி நிலையங்களைச் சேர்த்து ஜூனியர் கல்லூரி உருவானது. லேனி வளாகம் தொழிற்பயிற்சிக்கு, மெரிட் வளாகம் வணிகப் படிப்புக்கும் பிறகு கலை, அறிவியல் பாடங்களுக்கும். குரோவ் தெருவில் ஒரு பழைய உயர்நிலைப் பள்ளிக் கட்டடந்தான் மெரிட்.

1960இல் கலிபோர்னியா தன் புகழ்பெற்ற 'மாஸ்டர் பிளான்' என்னும் பெருந்திட்டத்தைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் இதன் சிற்பி. 'டைம்' இதழ் அவர் முகத்தை அட்டையில் போட்டுக் கொண்டாடியது. திட்டம் இதுதான். உயர்கல்வி மூன்று அடுக்கு. மேலடுக்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்: பள்ளி முடிப்பவர்களில் முதல் 12.5 சதவீதத்தினருக்கு. நடு அடுக்கு மாநிலக் கல்லூரிகள்: முதல் 33.3 சதவீதத்தினருக்கு. கீழடுக்கு ஜூனியர் கல்லூரிகள்: மீதி எல்லோருக்கும். அதற்கு முன்பு மேலடுக்கில் 15 சதவீதம்வரையும் நடு அடுக்கில் சுமார் 50 சதவீதம்வரையும் இடம் இருந்தது. வாசலைக் குறுக்கிவிட்டு, வெளியே நின்றவர்களைக் கீழடுக்குக்குத் திருப்பிவிட்டார்கள். போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் அலையலையாக வந்துகொண்டிருந்த நேரம். ஜூனியர் கல்லூரியில் படிக்கவைக்கச் செலவு குறைவு. அந்தச் செலவிலும் பெரும்பங்கு வட்டாரச் சொத்துவரியின் தலையில். மாநிலக் கஜானாவுக்கு இதைவிடச் சௌகரியம் ஏது?

மூன்றடுக்கு என்றதும் நமக்கு வர்ணம் ஞாபகம் வருவது இயல்பு. அவசரப்பட்டுச் சமன்படுத்திவிடக் கூடாது. இங்கே பிறப்பால் அடுக்கு இல்லை. கீழடுக்கில் இரண்டு வருடம் நன்றாகப் படித்தால் மேலடுக்கின் மூன்றாம் வருடத்துக்கு மாறலாம் என்ற ஏணியும் திட்டத்திலேயே இருந்தது. கட்டணமில்லாக் கல்வி என்ற கொள்கையையும் அது மறுபடி உறுதிசெய்தது. ஆனால் மதிப்பெண் என்ற சல்லடையில் யார் தங்குவார், யார் விழுவார் என்பதைப் பிறந்த தெரு பெரும்பாலும் முடிவு செய்தது. கறுப்பர் குடியிருப்பின் பள்ளிக்கூடம் எப்படி இருந்ததென்றால், 1959இல் பள்ளியை முடித்து வெளியே வந்த நியூட்டனுக்குச் சரியாக வாசிக்கவே தெரியாது. அவரே இதைச் சொல்லியிருக்கிறார். பிறகு தானாகப் போராடி வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

ஏணி இருந்தது என்றோம். அதில் ஏறவிடாமல் செய்வதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. அதே 1960இல் பர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியலாளர், சான் ஓசே ஊரின் ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் அதற்கு 'ஆற வைத்தல்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். மோசடிக்காரர்களின் பாஷையிலிருந்து வந்த சொல் அது. ஏமாந்தவன் கூச்சல் போட்டுப் போலீசுக்குப் போகாதபடி, கும்பலில் ஒருத்தன் பின்தங்கி நின்று தோளில் கை போட்டு ஆறுதல் சொல்லி அனுப்புவானாம். கல்லூரியில் அந்த வேலையை ஆலோசகர் செய்கிறார். முதலில் ஒரு நுழைவுச் சோதனை. மதிப்பெண்ணைக் காட்டி ஒரு பேச்சு. உன் திறமை எது, உனக்குப் பொருத்தமான வேலை எது என்று 'அறிந்துகொள்ள' ஒரு வகுப்பு. அப்புறம் எச்சரிக்கைக் கடிதம். கடைசியில் மாணவரே, பட்டப்படிப்பு நமக்குச் சரிப்படாது, இந்தத் தொழிற்பயிற்சியே போதும் என்று மனசை மாற்றிக்கொள்வார். யாரும் அவரைத் தள்ளவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது. தோற்றது தன் குற்றம் என்று அவர் நம்பிப் போய்விடுவார்.

இதைப் படிக்கையில் நமக்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. "உங்க வீட்டு நெலமைக்கு எதுக்குப்பா காலேசு, பேசாம ஒரு ஃபிட்டர், வெல்டர்னு படிச்சுட்டு நாலு காசு பாரு" என்று பத்தாம் வகுப்பு முடித்த பையனிடம் பரிவோடு சொல்லும் குரல் நம் ஒவ்வொருவர் காதிலும் விழுந்திருக்கிறது. அந்தப் பரிவு ஊர்த்தெருப் பையனுக்குக் கிடைப்பதில்லை. "தையல் கத்துக்கோம்மா, கல்யாணத்துக்கு அப்புறமும் ஒதவும்" என்று நம் பெண்பிள்ளைகளுக்குக் கிடைப்பதும் அந்தப் பரிவுதான். ஃபிட்டர் வேலையோ தையலோ கேவலம் என்பதல்ல பேச்சு. நம் சனம் கைவேலைக்கு அஞ்சியதில்லை. யாருக்கு எது போதும் என்பதை யார் முடிவு செய்வது என்பதுதான் பேச்சு.

4

திட்டம் போட்டவர்கள் ஒரு விசயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. நூறு பேரை ஆற வைக்க ஒரே கூரையின்கீழ் கூட்டினால், அவர்கள் ஒருத்தரோடொருத்தர் பேசிக்கொள்வார்கள்.

பாபி சீல் விமானப்படையில் இருந்தவர். தகட்டு வேலை தெரிந்த தொழிலாளி. விண்வெளித் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கலிபோர்னியாவுக்குத் 'தேவையான' தொழிலாளியின் இலக்கணமே அவர்தான். மெரிட்டுக்குப் பொறியியல் வரைபடம் படிக்க வந்தார். வந்த இடத்தில் கறுப்பர் வரலாறு பேசும் குழுக்களைக் கண்டார், நியூட்டனைக் கண்டார். 1962வாக்கில் தொடங்கியது அந்தச் சினேகம். வாசலிலும் படிக்கட்டிலும் பேச்சு, வாதம், புத்தகம். அப்புறம் கல்லூரியில் கறுப்பர் வரலாற்றுப் பாடம் வேண்டும் என்ற போராட்டம். நியூட்டன் அங்கே சட்டமும் படித்தார். காவல்துறை நிறுத்திச் சோதிக்கும்போது எது சட்டம், எது அத்துமீறல் என்று தெருவில் நின்று எடுத்துச்சொல்லும் தைரியம் அந்தப் படிப்பில் வந்தது.

1966 அக்டோபரில் இருவரும் பத்து அம்சத் திட்டத்தை எழுதினார்கள். எங்கே உட்கார்ந்து எழுதினார்கள் தெரியுமா? வடக்கு ஓக்லண்டின் வறுமை ஒழிப்பு மையத்தில். சீல் அங்கே வேலை பார்த்தார். அதுவும் அரசாங்கக் காசில் நடந்த அலுவலகம். அங்கிருந்த சட்டப் புத்தகங்களும் பயன்பட்டன. பத்தில் இரண்டாவது கோரிக்கை எல்லோருக்கும் வேலை. ஐந்தாவது, இந்தச் சமூகத்தின் உண்மையையும் தங்கள் உண்மையான வரலாற்றையும் கற்பிக்கும் கல்வி. வேலையையும் வரலாற்றையும் அவர்கள் பிரித்துக் கேட்கவில்லை. 'முதலில் தொழில், பிறகு மற்றது' என்ற புக்கர் வாஷிங்டன் வரிசையை அந்தத் திட்டம் கலைத்துப்போட்டது.

நம் வரலாற்றிலும் இதற்குச் சாட்சி உண்டு. அம்பேத்கர் 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகும் ஏழைகள் படிக்கவேண்டும் என்பதற்காகக் காலை நேர வகுப்புகளை வைத்தார். அவருக்கு வேலை முக்கியம் என்று தெரியும், அதனால் படிப்பைச் சுருக்கவில்லை, நேரத்தை மாற்றினார். 1950இல் ஔரங்காபாத்தில் அவர் தொடங்கிய மிலிந்த் கல்லூரியைச் சுற்றித்தான் மராத்தி தலித் இலக்கியத்தின் ஒரு பெரும்பகுதி விளைந்தது. கங்காதர் பான்தவணேயின் 'அஸ்மிதாதர்ஷ்' இதழ் அந்த மண்ணில் முளைத்ததே. கல்லூரி வாசல் நம் ஆட்களுக்கு வேலைக்கான சீட்டை மட்டும் தருவதில்லை. சேர்ந்து உட்காரும் இடத்தைத் தருகிறது. ஆதிக்கம் பயப்படுவது இரண்டாவதற்குத்தான்.

5

பயந்தார்கள். 1966 தேர்தலில் பெர்க்லி மாணவர்களை அடக்குவேன் என்று சொல்லி ரொனால்ட் ரீகன் ஆளுநரானார். 1967 ஜனவரியில் கிளார்க் கெர் பதவி நீக்கப்பட்டார். பல்கலைக்கழக மாணவர்களிடம் கட்டணம் வாங்கவேண்டும் என்று ரீகன் வற்புறுத்தத் தொடங்கினார். 1970இல் அவருடைய தேர்தல் வேலையிலிருந்த பொருளியல் ஆலோசகர் ரோஜர் ஃப்ரீமன், படித்த பாட்டாளி வர்க்கம் உருவாகும் ஆபத்து இருக்கிறது, யாரைப் படிக்கவிடுவது என்பதில் தேர்ந்தெடுத்து நடக்கவேண்டும் என்ற கருத்தைப் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். வேலை செய்யத் தெரிந்த ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் யோசிக்கக் கூடாது. இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடைப்பது அரிது. 1971இல் மெரிட் கல்லூரி குரோவ் தெருவை விட்டு மலைமேல் கட்டிய புது வளாகத்துக்குப் போனது. சமவெளியில் கறுப்பர் குடியிருப்பின் நடுவில் நடந்துபோகும் தூரத்திலிருந்த கல்லூரி, பேருந்து ஏறிப்போகும் கல்லூரியானது. கல்லூரியைத் தங்களிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று அந்தத் தெருச் சனங்கள் எதிர்த்தார்கள்.

கட்டணம் வேண்டும் என்றவர்களுக்கு ஒரு ஆய்வும் கைகொடுத்தது. 1969இல் ஹேன்சன், வைஸ்பிராட் என்ற இரு பொருளியலாளர்கள் கலிபோர்னியாக் கணக்கை எடுத்துப்போட்டார்கள். எல்லோர் வரியிலும் நடக்கும் உயர்கல்வியில், வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் மேலடுக்கில் உட்கார்ந்து அதிக மானியம் பெறுகிறார்கள், ஏழைகள் கீழடுக்கில் குறைவாகப் பெறுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. மற்றப் பொருளியலாளர்கள் இந்தக் கணக்கை மறுத்தும் எழுதினார்கள்.

நமக்கு இந்த விசயம் 1882லேயே தெரியும். ஹண்டர் கமிஷன் முன்பு ஜோதிராவ் பூலே சொன்னது இதைத்தான்: அரசின் வருமானம் உழவர்களின் வியர்வையிலிருந்து வருகிறது, உயர்கல்வியின் பலனை மேல்சாதிகள் அனுபவிக்கிறார்கள். கண்ட உண்மை ஒன்று. எடுத்த முடிவுகள் வேறு. உழைக்கும் சாதிகளின் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி கொடு, அவர்கள் கட்டிய காசை அவர்களுக்கே திருப்பு என்றார் பூலே. கலிபோர்னியாவில் இந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்களோ, எல்லோரிடமும் கட்டணம் வாங்கு என்றார்கள். மேலடுக்கு அநியாயமாக இருக்கிறது என்று காட்டிக் கீழடுக்குக்கும் விலை வைப்பது எந்த ஊர் நியாயம்?

6

விலை வந்தது, ஆனால் கல்வி மசோதாவாக வரவில்லை. வரி மசோதாவாக வந்தது. 1978 ஜூன் 6 அன்று கலிபோர்னியா வாக்காளர்கள் 'முன்மொழிவு 13' என்பதை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் நிறைவேற்றினார்கள். சொத்துவரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மதிப்பை 1975ஆம் ஆண்டுக் கணக்குக்கு இறக்கவேண்டும். வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் அந்த மதிப்பை ஏற்றக் கூடாது. மாநில வரியைக் கூட்டச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். விலைவாசியில் தவித்த சாதாரண வீட்டுக்காரர்களின் பயம் இதில் இருந்தது உண்மை. பெருநிறுவனங்களின் கட்டடங்களுக்கும் அதே சலுகை கிடைத்ததும் உண்மை. ஒரே வருடத்தில் சொத்துவரி வருமானம் பாதிக்கும் கீழே விழுந்தது.

சமுதாயக் கல்லூரிகள் வட்டாரச் சொத்துவரியை நம்பி நின்றவை. காலடி மண் போயிற்று. இனி மாநில அரசு போடுவதுதான் சோறு. அடுத்த சில வருடங்களில் பட்ஜெட் நெருக்கடி வந்ததும் கைவைத்த இடங்களில் இதுவும் ஒன்று. 1984இல் வரலாற்றில் முதன்முறையாக மாநிலம் முழுவதும் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. பாட அலகு ஒன்றுக்கு 5 டாலர், முழுநேர மாணவருக்கு ஒரு பருவத்துக்கு 50 டாலர். சின்னத் தொகைதானே என்றார்கள். 1993இல் அலகுக்கு 13 டாலர், 2004இல் 26 டாலர், 2012இல் 46 டாலர். நடுவில் ஓரிரு முறை குறைந்ததும் உண்டு. அமெரிக்காவிலேயே இதுதான் குறைந்த கட்டணம் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் பன்னிரண்டு அலகு படிக்கும் மாணவர் 1984இல் பருவத்துக்கு 50 டாலர் கட்டினார், 2012இல் 552 டாலர் கட்டவேண்டும்.

ஏழைகளுக்கு விலக்கு உண்டே என்று கேட்கலாம். உண்டு. 1984லேயே கட்டண விலக்கும் வந்தது, ஏராளமானோர் அதில் படித்தார்கள். இங்கேதான் நாம் கவனமாக நிற்கவேண்டும். முன்பு கல்லூரிக்குள் போனவர் எதையும் நிரூபிக்கவில்லை. ஊரில் பிறந்தார், போய் உட்கார்ந்தார். இப்போது தான் ஏழை என்பதைத் தாளில் எழுதிக் காட்டவேண்டும். உரிமை சலுகையாக மாறிய இடம் இது. சலுகை என்றால் என்னவென்று நம்மைக் கேட்டால் சொல்வோம். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் தாலுகா ஆபீஸ் வாசலில் எத்தனை நாள், எத்தனை கூலி போகிறது என்று நம்ம அம்மாக்களுக்குத் தெரியும். "ஃப்ரீயாப் படிக்கிறவங்க எல்லாம் எந்திரிச்சு நில்லுங்க" என்று வகுப்பில் சொல்லும்போது எழுந்து நிற்கும் பிள்ளைக்குத் தெரியும். எல்லோருக்கும் இலவசம் என்றால் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை.

கட்டணம் மட்டுமல்ல, இடமும் சுருங்கியது. 2008 பொருளாதாரச் சரிவில் மாநிலம் நிதியை வெட்டியது. 2008-09இல் சுமார் 29 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 2011-12இல் சுமார் 24 லட்சமாக இறங்கியது. ஏறக்குறைய 5 லட்சம் பேர். யாரும் அவர்களை நீக்கவில்லை. வகுப்புகள் குறைக்கப்பட்டன, சேர இடமில்லை, அவ்வளவுதான். கதவு திறந்தே இருந்தது, உள்ளே நாற்காலி இல்லை.

7

இப்போது 'மாநிலத்தின் ஆள்தேவை' என்ற சொல்லைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். 2015இல் கலிபோர்னியாவின் ஒரு கொள்கை ஆய்வு நிறுவனம், 2030க்குள் அந்த மாநிலத்துக்குப் பட்டம் பெற்ற தொழிலாளர்கள் 11 லட்சம் பேர் பற்றாக்குறை வரும் என்று கணித்தது. பட்டம் வேண்டாம், தொழில் போதும் என்று பல தலைமுறைகளை ஆற வைத்த மாநிலத்துக்குக் கடைசியில் பட்டதாரிகள் இல்லாமல் போனார்களாம்! 2014இல் சில சமுதாயக் கல்லூரிகளே பட்டப்படிப்பு நடத்தலாம் என்று சட்டம் வந்தது, 2021இல் அது விரிவாக்கப்பட்டது. 2016இல் தொழிற்பயிற்சிக்கென்று வருடத்துக்கு 20 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2018இல் நிதிப்பகிர்வு முறையையே மாற்றி, மாணவர் எண்ணிக்கையோடு ஏழை மாணவர் எத்தனை பேர், படிப்பை முடித்தவர் எத்தனை பேர் என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். 2019இல் முதன்முறை முழுநேரமாகச் சேர்பவர்களுக்கு இரண்டு வருடம் கட்டண விலக்கு தர வழிசெய்தார்கள். இன்று அங்கே 116 சமுதாயக் கல்லூரிகள். முப்பத்தைந்து வருடம் சுற்றிவிட்டுப் பழைய வாசலுக்கு அரைகுறையாகத் திரும்பியிருக்கிறார்கள்.

ஆள்தேவை பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். திராட்சை என்றார்கள், கப்பல் என்றார்கள், விமானம் என்றார்கள், கணினி என்றார்கள், இப்போது மருத்துவமனை என்கிறார்கள். ஒரு மனுசனின் உழைக்கும் காலம் நாற்பது வருடம். ஒரே ஒரு தேவைக்கு வெட்டி அளவெடுத்த ஆள், அந்தத் தேவை போனதும் தெருவில் நிற்பார். ரிச்மண்டு கப்பல் தளத்தில் பற்றவைப்பு வேலை பார்த்தவர்கள் 1945க்குப் பிறகு நின்றது போல.

8

நம் மண்ணுக்கு வருவோம். 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடக் கட்டடத்தையும் ஆசிரியரையும் பெருக்கக் காசில்லை என்பதுதான் அன்று சொன்ன காரணங்களில் ஒன்று. பணப் பற்றாக்குறை என்ற பேச்சு குலத்தொழிலில் போய் முடிந்ததைக் கவனியுங்கள். பெரியார் இயக்கமும் மற்றவர்களும் எதிர்த்தார்கள், 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். 2023இல் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கென்று விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை சாதியைக் கெட்டிப்படுத்தும் என்று சொல்லி, அந்த வடிவில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று தமிழக அரசு 2024இல் தெரிவித்தது. எழுபது வருடம் ஆனாலும் அதே பேய் வேறு சட்டை போட்டு வருகிறது.

சமுதாயக் கல்லூரி இங்கே வந்தது 1995இல் புதுவையில், 1996இல் சென்னையில். பள்ளியிலும் கல்லூரியிலும் விடுபட்டவர்களுக்கு வேலைப் பயிற்சி தரும் நல்லெண்ணத்தில் திருச்சபையும் தொண்டு நிறுவனங்களும் பல ஊர்களில் நடத்தின. பயன் பெற்ற நம் பிள்ளைகள் உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் கலிபோர்னியாவிலிருந்து பெயர் வந்தது, இரண்டு முக்கியமான விசயங்கள் கூட வரவில்லை. ஒன்று, பொது வரிப்பணத்தில் நடக்கும் இலவசக் கல்லூரி என்ற உரிமை. இரண்டு, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு ஏறும் ஏணி. இரண்டையும் கழித்தால் மிச்சம் இருப்பது பக்கத்துப் பட்டறை வாசல் மட்டுமே.

காசு எப்படி இடம் மாறும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசு தன் பங்கைக் கணக்கிட்ட முறையால், 2017-18 முதலான வருடங்களில் சுமை மாநிலங்களின் தலையில் விழுந்தது. தொகை நின்று, தாமதமாகி, கல்லூரிகள் பிள்ளைகளைத் தேர்வெழுத விடாமல் நிறுத்தின. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு 2020 டிசம்பரில்தான் 60க்கு 40 என்று பங்கு நிர்ணயமாகி, ஐந்து வருடத்துக்கு 59,048 கோடி ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. இங்கேயும் 'தலித்துகளுக்குப் படிப்பு வேண்டாம்' என்று எவரும் சட்டம் போடவில்லை. கணக்கு முறையைத்தான் மாற்றினார்கள். முன்மொழிவு 13இலும் கல்வி என்ற சொல்லுக்கு வேலையே இருக்கவில்லை. நம் படிப்பைப் பறிக்கும் சட்டம் நிதித்துறையின் ஏட்டில் இருக்கும். பட்ஜெட்டைப் படிக்காத இயக்கம் பாதி இயக்கந்தான்.

தமிழகத்தில் ஏணியே இல்லை என்று சொல்லவில்லை. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் வருடத்தில் சேரலாம். பட்டயம் முடித்தவர் பொறியியல் பட்டத்தின் இரண்டாம் வருடத்தில் சேரலாம். விதி இருக்கிறது. சேரிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த விதி சொல்லப்படுகிறது? எத்தனை பேர் ஏறினார்கள்? விடுதியும் உதவித்தொகையும் அந்த மாற்றத்தில் அறுந்துவிடாமல் கூடவே போகிறதா?

இந்தப் பக்கங்களைப் படிக்கும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வட்டாரத்திலுள்ள ஐடிஐ, பாலிடெக்னிக், திறன் மையம் ஒவ்வொன்றுக்கும் போங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மூன்று கேள்வி போதும். இது யார் காசில் நடக்கிறது, போன மூன்று வருடத்தில் அந்தக் காசு கூடியதா குறைந்ததா? இங்கே படித்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த படிப்புக்கு ஏறினார்கள்? என்ன பாடம் என்பதை முடிவு செய்யும் குழுவில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? வரும் பதில்களைச் சேர்த்து வட்டாரம் வட்டாரமாக எழுதுங்கள். அடுத்த பட்ஜெட் மானியக் கோரிக்கைக்கு முன்னால் அந்தக் கணக்கு நம் கையில் இருக்கவேண்டும்.